டப்பா நகர்ந்தால் மில் நிற்கும்

மில்லை வாங்க முதலில் வந்த ஆள் மில்லைப் பார்க்கவே இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தான். கூரையை அண்ணாந்து பார்த்தான். வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் காலடி வைத்து அளந்தான். நடுவில் என் அரவை மிஷின்கள் இரண்டும் நின்றிருந்தன. ஒன்றில் கோதுமை ஓடிக்கொண்டிருந்தது. பறந்த மாவு அவன் சட்டையில் படிந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே கூட வந்த புரோக்கரிடம், "இத்தெல்லாம் எடுத்துட்டா ரூம்பு நல்லா பெரிசாத்தான் கீது" என்றான்.

'இத்தெல்லாம்' என்றால் என் இருபத்தேழு வருஷம். வந்த கோபத்துக்கு மாவு கொட்டும் துணிக்குழாயைக் கழற்றி அவன் பக்கம் திருப்பிவிட்டு, தலைமுதல் கால்வரை வெள்ளையடித்து அனுப்பியிருப்பேன். மகன் பக்கத்தில் நின்றான். அவனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது என் மாவு மில். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது கையில் கொடுத்த பணத்தில் அந்த ஒற்றை அறையையும் பழைய மிஷின்களையும் வாங்கினோம். ஒன்று அரிசி, கோதுமைக்கு. இன்னொன்று மிளகாய், மல்லிக்கு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினேன். ஒண்டியாக ஒரு பொம்பளை மோட்டாரும் பெல்ட்டுமாக எத்தனை நாள் மல்லுக்கட்டுவாள் என்று தெருவே பேசியது. பேசின வாயெல்லாம் அடுத்த வாரம் இடியாப்ப மாவுக்கு என் வாசலுக்குத்தான் வந்தது.

விற்பது என்று முடிவு செய்ததும் நான்தான். இருமல் விடவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இனிமேல் மாவுத் தூசியில் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அழுது புலம்பவில்லை. உழைத்தாகிவிட்டது, போதும். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். மில்லை மில்லாகத்தான் விற்பேன். காலி அறையாக விற்க மாட்டேன்.

மகனுக்கு அது புரியவில்லை. அம்பத்தூரில் ஒரு ஆபீஸில் வேலை, மணலி புதுநகரில் குடித்தனம். நல்ல பிள்ளைதான். என் இருமலைக் கேட்டால் அவன் முகம் வாடிப்போகும்.

"அளந்துட்டுப் போனவன் கூரியர் பொட்டலம் வெக்க எடம் கேக்குறாம்மா. நல்ல வெல சொல்றான். மிசினைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு நீ நிம்மதியா எங்க வூட்டுக்கு வந்துரு."

"நான் இன்னா செத்தா பூட்டேன், என் சாமானைத் தூக்கிக் காயலான் கடைக்குப் போட?"

"மில்லாவே வாங்க யாருமா வருவா? எல்லாம் பாக்கெட்டு மாவு வாங்கிக்கினு கீதுங்க."

"வருவா. நீ கம்முனு இரு."

அவன் கம்மென்று இருந்தான். ஆனால் கணக்கு வைத்திருந்தான். மாதம் முடிவதற்குள் மில்லாக வாங்க ஆள் வராவிட்டால் கூரியர்காரனுக்கே முடித்துவிட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். கொடுத்தேன்.

இங்கே என் மில்லின் டப்பா வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசற்படியில் தொடங்கி, சுவரை ஒட்டியபடியே, கரண்டு கம்பம் வரைக்கும் என் கணவர் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். அரைக்க வருகிறவர்கள் தானியத்தை டப்பாவில் கொண்டுவந்து அந்தக் கோட்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஷட்டர் திறப்பதற்கு முன்பே பத்து டப்பா சேர்ந்துவிடும். சதுர பிஸ்கட் டின், எவர்சில்வர் தூக்கு, கழுவிய பெயிண்ட் டப்பா, மூடி தொலைந்துபோய்த் தட்டைக் கவிழ்த்து வைத்த டப்பா. எது எந்த வீட்டுடையது என்று எனக்குத் தெரியும். டப்பாவை வைத்தவள் காசிமேட்டுக்கு மீன் ஏலத்துக்குப் போயிருப்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனி வேனுக்கு ஓடியிருப்பாள். தண்ணி லாரிக்குக் குடம் தூக்கியிருப்பாள். டப்பா நிற்கிறது என்றால் அவள் நிற்கிறாள் என்று அர்த்தம். நின்றுகொண்டிருக்க நேரமில்லாதவர்களுக்குத்தான் அந்த வரிசை.

யாராவது ஒரு டப்பாவை முன்னே பின்னே நகர்த்தினால் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். மோட்டாரை அணைத்துவிடுவேன். அந்தச் சத்தம் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். டப்பா பழைய இடத்துக்குப் போகும்வரை மில் ஓடாது. ஒரு போலீஸ்காரர் வீட்டுக்காரம்மாவுக்கு அப்படி நிறுத்தியிருக்கிறேன். என் நாத்தனார் ஒருமுறை கல்யாண முறுக்குக்கு அவசரம் என்று தன் டப்பாவை நடுவில் செருகினாள். அரை மணி நேரம் மில் நின்றது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. மாவு மட்டும் என்னிடம்தான் அரைத்தாள்.

வரிசைக்குக் கட்டுப்படாதது ஒன்றே ஒன்று, என் வீட்டு அரிசி. ஷட்டரைத் தூக்கியதும் என் டப்பா நேராகப் படிமேல் ஏறிவிடும். முதலாளிக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

மாதம் பாதி போவதற்குள் நான் சொன்ன மாதிரியே ஒருத்தி வந்தாள். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். தெற்குச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், நாற்பது வயது இருக்கும். புருஷன் கடையைப் பார்த்துக்கொள்ள, தனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்றாள். அவள் சுவரைத் தட்டவில்லை. மிஷினிடம் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஒரு நா முழுசும் உக்காந்து பாக்கேன்க்கா. ஆள் எப்படி வருதுன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

நியாயமான பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மில்லைத் தயார் செய்தோம். பெல்ட்டை மாற்றினேன். கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு அரவைக் கல்லைக் கொத்த வைத்தேன். சுவரில் கெட்டியாக ஒட்டியிருந்த மாவையெல்லாம் சுரண்டி எடுத்து வெள்ளையடித்தோம். இதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் மகன் வாசலைப் பார்த்தான்.

"வாசல்ல இந்த டப்பாங்க இன்னாமா, ஒரே கலீஜா கீது. தண்ணி லாரிக்குக் குடம் வெச்ச மாரி. பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அது கலீஜாகத் தெரிந்ததில்லை. அவன் சொன்ன பிறகு தெரிந்தது. துருப்பிடித்த டின், நெளிந்த தூக்கு, பெயிண்ட் டப்பா. வாங்க வருகிறவளின் கண்ணால் என் வாசலை நானே பார்த்துக் கூசிப்போனேன். அந்தத் தப்பு என்னுடையது. மகன் மேல் பழி போட மாட்டேன். அவன் சொன்னதற்குத் தலையாட்டியது நான்தான்.

வாசலுக்கு டைல்ஸ் போட்டோம். வெள்ளைக் கோடு டைல்ஸுக்கு அடியில் போயிற்று. மகன் பாரிமுனையில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் டோக்கன் வாங்கி வந்தான். பிளாஸ்டிக் நாற்காலி நாலு. சுவரில் ஒரு போர்டு: 'டோக்கன் பெற்றுக்கொண்டு அமரவும். டப்பாக்களை வைத்துச் செல்லக் கூடாது.' பேங்க் மாதிரி இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் டப்பாவோடு வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு நின்றார்கள். மீன் விற்கிற அம்மா ஒருத்தி உண்டு. கழுவிய பெயிண்ட் டப்பா அவளுடையதுதான். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"இன்னாமே இது, ஆஸ்பத்திரியா? சீட்டு குடுத்துக் குந்த வெக்கிற?"

"ரெண்டு நாளைக்கு மட்டும் பொறுத்துக்கோயேன்" என்றேன்.

"நான் இங்க குந்திக்கினு இருந்தா காசிமேட்டுல எவன் எனக்கு மீனு எடுத்து வெப்பான்? உன் சீட்டை நீயே வெச்சிக்க."

டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். நாளைக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டைக்காரி காலை ஆறரைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பளபளவென்று வாசல். பக்கத்தில் மூன்று நாற்காலி காலி. ஏழு மணிக்குக் குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க ஒரு பெண் வந்தாள். எட்டரைக்குக் கேழ்வரகோடு ஒரு பெரியவர். அப்புறம் பதினொன்று வரைக்கும் யாரும் இல்லை. நான் மிஷினையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிற ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"மிசினு நல்லாருக்குக்கா. கல்லும் நல்லாருக்கு. ஆனா ஆளைக் காணோமே" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

அவள் தலை மறைந்ததும் மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "வுடும்மா. நீ இன்னா பண்ணுவ, காலம் மாறிப்போச்சி. நாளைக்கே கூரியர்காரனை வரச் சொல்றேன்."

அன்றைக்குச் சாயங்காலம் மீன்கார அம்மா காலிக் கூடையோடு வாசல் வழியாகப் போனாள். கூடைக்குள் அந்தப் பெயிண்ட் டப்பா இருந்தது. மூடியின் விளிம்பில் சிவப்பாக மிளகாய்த்தூள்.

"எங்கமே அரைச்ச?"

"ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட மிசின்ல. நம்ம ஜனமெல்லாம் அங்கத்தான் கீது. அவன் டப்பா வெக்க வுடுறான்."

என் ஜனம் அத்தனையும் இன்னொருத்தன் வாசலில். பாக்கெட் மாவும் இல்லை, காலமும் இல்லை. நானே என் கையால் விரட்டியிருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். மீதியை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை காலையில் வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயிண்ட்டை எடுத்து, புது டைல்ஸ் மேலேயே குனிந்து கோடு போட்டேன். நடுவில் இருமல் வந்து கை ஆடியதால் கோடு இரண்டு இடத்தில் கோணிக்கொண்டது. கோணினால் என்ன? போர்டைக் கழற்றினேன். டோக்கன் டப்பாவையும் நாலு நாற்காலியையும் காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். காயலான் கடைக்குப் போக வேண்டியது அதுதான். மகன் போனில், "ம்மா, இன்னும் எவ்ளோ நாளு அடம் புடிப்ப?" என்றான். "மாசம் முடியட்டும்னு சத்தியம் பண்ணிக் குடுத்துக்கீறேன். இன்னும் முடியல" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் ஷேர் ஆட்டோ பிடித்துக் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். கூட்ஸ் வண்டி போகிற சத்தத்தில் அவள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். வண்டி போய் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"நேத்து நீ பாத்தது என் மில்லு இல்லமா. நான் உனக்குக் காட்டோணும்னு கழுவி வெச்ச எடம். என் ஜனம் டப்பா வெச்சிட்டு வேலைக்குப் போற ஜனம். அதுங்களை நானே தொரத்திட்டேன். மறுபடி ஒரு வாட்டி வா."

"என்னைக்கு வரட்டும்க்கா?"

"சொல்லாம வா. சொன்னா மறுபடியும் எத்தையாவது கழுவி வெச்சிடுவேன்."

அவள் சிரித்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

கோட்டைப் பார்த்ததும் டப்பாக்கள் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. முதல் நாள் நாலு. மறுநாள் ஒன்பது. மீன்கார அம்மா மூன்றாம் நாள்தான் வந்தாள், வேண்டுமென்றே. பெயிண்ட் டப்பாவை டங்கென்று வைத்துவிட்டு, "கோடு இன்னாமே, குடிச்சிட்டுப் போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. வாசலில் டப்பா வரிசை கரண்டு கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொருக்குப்பேட்டைக்காரி ஒரு மஞ்சப்பையோடும் டப்பாவோடும் வந்து, கடைசியில் தன் டப்பாவை வைத்தாள். அவளை அங்கே யாருக்கும் தெரியாது. நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. வெயில் ஏற ஏற அவள் சுவர் ஓரமாக நிழலுக்கு ஒதுங்கினாள். நிற்பதற்கு இடம் போதவில்லை. மீன்கார அம்மாவின் பெயிண்ட் டப்பாவைக் காலால் லேசாக ஒரு தள்ளு தள்ளினாள். டப்பா கோட்டை விட்டு விலகி அடுத்ததற்குப் பின்னால் போய் நின்றது.

என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. போனது அப்படியே நின்றது. இவள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் நாளன்றைக்குக் கூரியர்காரன்தான். மிஷின் காயலான் கடைக்குத்தான். ஒரு டப்பா, ஒரு சாண் தூரம், டப்பாக்காரி காசிமேட்டில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியப்போவதும் இல்லை. இத்தனையும் மனதில் ஓடியது. அணைத்தேன்.

தெரு திரும்பிப் பார்த்தது.

"எம்மா, அந்த டப்பாவை இருந்த எடத்துல வை" என்றேன்.

"இங்க ஆள் யாரும் இல்லியேக்கா."

"டப்பா கீதே."

அவள் என்னைப் பார்த்தாள். பெயிண்ட் டப்பாவைப் பார்த்தாள். குனிந்து இரண்டு கையாலும் தூக்கிக் கோட்டின் மேல் வைத்தாள். நான் மோட்டாரைப் போட்டேன். தன் முறை வரும்வரை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றாள். கோதுமையை அரைத்துக் கொடுத்ததும் மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"டப்பாவ நகத்துனா எல்லாருக்கும் அமத்திருவீங்களாக்கா?"

"எல்லாருக்கும்தான்."

"கலெக்டரே வந்தாலும்?"

"கலெக்டருக்கு எதுக்குமா மாவு?"

டப்பாவை மூடிக்கொண்டே, "நாளைக்கு எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு அட்வான்ஸோட வாரேன்" என்றாள்.

அதைக் கேள்விப்பட்டுப் புரோக்கர் ஓடிவந்தார். கூரியர்காரன் இன்னும் மேலே போட்டுத் தருவதாகச் சொன்னார். அவனை வேறு இடம் போய் அளக்கச் சொல்லுங்கள் என்றேன். மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன்கிட்ட யாருமா பேசி ஜெயிக்கிறது" என்றான். அந்தக் குரலில் சலிப்பு பாதி, பெருமை பாதி. மணலி புதுநகருக்கும் நான் போகவில்லை. அதே தெருவில் என் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஒரு மாதம் மில் பக்கமே தலைகாட்டவில்லை. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நிஜத்தில் போய்ப் பார்க்கப் பயம். அப்புறம் ஒரு நாள் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், இடியாப்பத்துக்கு மாவு வேண்டும். அரிசியைக் களைந்து நிழலில் காயவைத்து, என் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன்.

கம்பம் வரைக்கும் டப்பாக்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மீன்கார அம்மா அன்றைக்குக் காசிமேட்டுக்குப் போகாத நாள் போல, ஓரமாகக் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கால் தன்பாட்டுக்கு நடந்தது. இருபத்தேழு வருஷப் பழக்கம். நேராக வாசற்படிக்குப் போய், முதல் டப்பாவைச் சற்றே ஒதுக்கி, என் டப்பாவைப் படிமேல் வைத்தேன்.

மோட்டார் நின்றது.

அந்தச் சத்தம் நிற்பதை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எவ டப்பாவை நகர்த்தினது என்று திரும்பிப் பார்த்தேன். திட்டுவதற்கு வாய்கூடத் திறந்துவிட்டேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கொருக்குப்பேட்டைக்காரி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.

"அக்கா, டப்பா" என்றாள். அவ்வளவுதான்.

முகம் தீயாக எரிந்தது. இது யார் மில் என்று தெரியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுடைய மில். நான்தான் விற்றேன், மில்லாகவே விற்றேன். மீன்கார அம்மா எச்சிலைத் துப்பிவிட்டு, "இன்னா ஓனரம்மா, கம்பம் அந்தாண்ட கீது!" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

முதல் டப்பாவைக் கோட்டின் மேல் சரியாக வைத்தேன். என்னுடையதைத் தூக்கிக்கொண்டு பதினொரு டப்பாக்களைத் தாண்டிக் கம்பத்தடிக்குப் போனேன். நான் போட்ட கோணல் கோட்டின் மேல் என் டப்பாவை வைத்தேன். பின்னால் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஒரு டப்பாவும் நகராது, எனக்குத் தெரியும். அதை வைத்துவிட்டு, எல்லாரையும் போல நானும் வீட்டுக்குப் போனேன்.